ரொட்டியம்மாவும் அமைதி ஆணையமும்

ரொட்டியம்மா அரசியலுக்கு வந்ததற்குக் காரணம் ரொட்டிதான். கொள்கை, கோட்பாடு எல்லாம் பிற்பாடு பத்திரிகைக்காரர்கள் கேட்கத் தொடங்கியதும் வந்து ஒட்டிக்கொண்டவை.

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஓர் ஊர், அந்தக் கரையில் ஓர் ஊர், நடுவே ஒரு பாலம். அவளுடைய அக்காவை அந்தக் கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கட்டிக்கொடுத்த காலத்தில் அது வெளியூர்கூட இல்லை. பாலத்தை விட்டு இறங்கினால் இரண்டு தெரு தள்ளி வீடு. அக்கா நினைத்தால் இங்கே வருவாள். தங்கை நினைத்தால் அங்கே போய் ஒரு சண்டை போட்டுவிட்டுத் திரும்புவாள். பிறகு பெரியவர்கள் தலைநகரில் உட்கார்ந்து ஒரு நாட்டை இரண்டாக்கினார்கள். இரண்டாக்கியதும், பிரித்தது சரியில்லை என்று அவர்களே சண்டை பிடித்தார்கள். சண்டை ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது, இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா வெளிநாட்டுக்காரி ஆகியிருந்தாள்.

ரொட்டியம்மாவும் அவள் கணவரும் நடத்திய பேக்கரி மட்டும்தான் அந்தப் போரில் மூடாத கடை. கணவர் பிசைவார், இவள் அடுப்பைப் பார்ப்பாள். விடிந்ததும் பெண்கள் பையோடு வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் காலை அந்த வரிசையின்மேல் குண்டு விழுந்தது. புகை அடங்கியபோது, எழுந்திருக்க வேண்டியவர்களில் பலர் எழுந்திருக்கவில்லை. ஒருத்தியின் கையில் பை அப்படியே இருந்தது.

மறுநாளும் பெண்கள் வந்து நின்றார்கள். வேறென்ன செய்வார்கள்? குண்டு விழுந்தது என்று பிள்ளைகளின் வயிறு லீவு விடுமா? ரொட்டியம்மா அவர்களைப் பார்த்தாள். சுவரில் காய்ந்திருந்த கறையைப் பார்த்தாள். ரொட்டித் தட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

"இங்க நின்னாலும் சாவுதான். வாங்க, பாலத்து மேல போய் நிப்போம். சுடுறவன் மூஞ்சியையாவது பார்த்துட்டுச் சாவோம்."

வரிசை பாலத்தின் நடுவுக்கு நகர்ந்தது. அந்தக் கரையிலிருந்தும் பெண்கள் வந்தார்கள், அவர்களுக்கும் பசிதான். இரண்டு பக்கமும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்திருந்த பையன்கள், வரிசையில் தங்கள் அம்மாவோ அத்தையோ இருந்துவிடுவார்களோ என்று பயந்தார்கள். சுட்டால் ரொட்டி போய்விடுமே என்ற கவலையும் இருந்திருக்கலாம். வாரக்கணக்கில் வரிசை தினமும் பாலத்தில் நின்றது. போர் நின்றது. தாங்கள்தான் வென்றோம் என்று இரண்டு தளபதிகளும் அறிவித்து, ஆளுக்கொரு சிலை வைத்துக்கொண்டார்கள். பாலத்தைத் தற்காலிகமாக மூடினார்கள்.

அந்தத் தற்காலிகத்துக்குப் பத்தொன்பது வயது ஆனபோது ரொட்டியம்மா தேர்தலில் நின்றாள். 'பாலத்தைத் திற' என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சு இல்லை. மேடையில் ஏறி அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள். சுருக்கமாகப் பேசும் வேட்பாளரை மக்கள் அதுவரை பார்த்ததில்லை, ஓட்டை அள்ளிக் குத்திவிட்டார்கள்.

நாடாளுமன்றத்தில் அவள் தினமும் எழுந்து, பாலம் எப்போது திறக்கும் என்று கேட்டாள். தினமும் ஓர் அமைச்சர் எழுந்து, உறுப்பினரின் அக்கறையை அரசு பெரிதும் மதிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தார். இப்படியே ஒரு கூட்டத்தொடர் போனதும் பிரதமர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தேநீர் கொடுத்தார். அவளை அமைதி ஆணையத்தின் தலைவராக நியமிக்கப்போவதாகச் சொன்னார்.

அவளுக்குப் புரியவில்லை. எதற்கு என்று கேட்டாள்.

பிரதமர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "நீங்க வெளியில இருந்து கேட்டா அது கேள்விம்மா, எங்களுக்குத் தலைவலி. உள்ள வந்து கேட்டீங்கன்னா அது நடைமுறை. நடைமுறையால யாருக்கும் இதுவரைக்கும் தலைவலி வந்ததில்ல."

வீட்டில் சொன்னபோது கணவர் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. பாலத்தைத் திறக்கச் சொன்னவளுக்கு அலுவலகத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், போய்த்தான் பாரேன் என்றார். அவர் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

தலைநகரிலேயே பெரிய கட்டடம் அமைதி ஆணையத்துடையது. சுற்றிலும் முள்கம்பி, மூலைக்கு மூலை துப்பாக்கி. பாதுகாப்பு அமைச்சகத்தில்கூட இத்தனை காவல் இல்லையே என்று ரொட்டியம்மா கேட்டாள். ஆணையத்தின் செயலாளர் பொறுமையாக விளக்கினார். போருக்கு ஒருவராலும் ஆபத்து இல்லை. அமைதிக்குத்தான் எல்லாராலும் ஆபத்து.

செயலாளர் ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். நரைத்த மீசை, நறுமணம், குரலில் ஒரு குழைவு. அவரே அவளுக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். நல்லிணக்கப் பிரிவு ஒரு மாடியில், நல்லெண்ணப் பிரிவு அதற்கு மேல்மாடியில். இரண்டு பிரிவுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மாடிப்படியோரத்துப் பால்கனி யாருக்குச் சொந்தம் என்பதில் தகராறு. நல்லெண்ணத்துக்காரர்கள் அங்கே வைத்திருந்த பூந்தொட்டிகளை நல்லிணக்கத்துக்காரர்கள் கீழே தள்ளிவிட்டதிலிருந்து, கீழ்மாடிக் காகிதம் மேல்மாடிக்குப் போக வேண்டுமென்றால் வெளியே தெருவுக்குப் போய்த் தபால் மூலம்தான் வரவேண்டும்.

"இவங்களை ஒருநாள் ஒண்ணா உட்கார வெச்சுப் பேசினா என்ன?" என்றாள் ரொட்டியம்மா.

செயலாளர் முகம் சுருங்கிவிட்டது. வெளி ஆட்கள் தலையிடுவதை இரு பிரிவினருமே விரும்பமாட்டார்கள் என்றார்.

சொல் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆணையத்தில் எந்தச் சொல்லைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று முடிவு செய்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். 'போர்' என்று சொன்னால் பழசு ஞாபகம் வரும், அதனால் 'அன்றைய சூழ்நிலை'. 'எதிரி' கூடாது, 'நண்பர்' அதைவிடக் கூடாது; 'மறுதரப்பு'. பாலத்தைப் பாலம் என்றால், அது இரண்டு கரையைச் சேர்ப்பதாக இந்தத் தரப்பு ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அது 'நீர்மேல் கட்டுமானம்'. இந்தப் பெயரில் இரு தரப்பும் உடன்பட்டதை ஆணையத்தின் பெரும் சாதனைகளில் ஒன்றாகச் செயலாளர் சொன்னார். சொல்லும்போது அவர் கண் லேசாகக் கலங்கியது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பேக்கரியில் மாவு உப்புவதற்கும் நேரம் ஆகத்தானே செய்கிறது, அவசரப்பட்டால் ரொட்டி கல்லாகிவிடும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாத ஒன்று இரண்டாவது வாரம் வந்தது.

பாலம் மூடிய நாளிலிருந்து அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை மாலை, அடுப்பு ஆறியதும், இவள் இந்தக் கரையில் போய் நின்று தன் வெள்ளை ஏப்ரனைக் கழற்றி ஆட்டுவாள். அந்தக் கரையில் அக்கா ஒரு துண்டை ஆட்டுவாள். ஆறு அகலமானது, முகம் தெரியாது, குரல் எட்டாது. ஆட்டுகிற வேகத்தை வைத்து அக்கா கோபமாக இருக்கிறாளா, உடம்பு சுகமில்லையா என்று இவளே கண்டுபிடித்துக்கொள்வாள். அக்காவின் கணவர் இறந்த வாரம் துண்டு அசையவே இல்லை. அக்கா சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள். இவளும் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை நின்றாள். துக்கம் கேட்டது அப்படித்தான்.

சனிக்கிழமை காலை செயலாளர் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நேற்று மாலை தலைவர் ஆற்றங்கரையில் துணியை ஆட்டியதாகத் தகவல் வந்திருக்கிறது என்றார். ஆமாம், அக்காவுக்கு என்றாள்.

"அக்கா எந்த நாடு, மேடம்?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"தலைவர் மறுதரப்புக் குடிமகளுக்குக் கை ஆட்டினா அது பேச்சுவார்த்தை. பேச்சுவார்த்தை நடத்தறதுக்குன்னு ஒரு குழு இருக்கு. பத்தொன்பது வருஷமா கஷ்டப்பட்டு நடத்திட்டிருக்கோம். நீங்க பாட்டுக்கு ஏப்ரனைக் கழட்டி நடத்திட்டீங்கன்னா, அப்புறம் நாங்க எதுக்கு?"

தான் பத்தொன்பது வருடமாக ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள் ரொட்டியம்மா. அப்போது நீங்கள் பேக்கரிக்காரர், பேக்கரிக்காரர் என்ன செய்தாலும் உலகம் கவனிக்காது என்று செயலாளர் விளக்கினார். பிறகு குரலை இன்னும் குழைத்து, மறுதரப்பு அந்த அம்மாளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறது என்றார். துண்டு என்ன நிறம், எத்தனை முறை ஆட்டினாள், அதற்கு என்ன அர்த்தம் என்று இரவு முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். மறுபடி ஆட்டினால் மறுபடி கேட்பார்கள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ரொட்டியம்மா ஆற்றங்கரைக்குப் போகவில்லை. தலைநகரிலிருந்து அவளை வீட்டில் கொண்டுவிடும் ஆணையத்தின் கார் கரைச்சாலை வழியாகப் போனபோது கண்ணாடி வழியே பார்த்தாள். அந்தக் கரையில் புள்ளியாக ஓர் உருவம் நின்று துண்டை ஆட்டிக்கொண்டிருந்தது. விசாரணையாவது மண்ணாவது என்று நினைக்கிற பிறவி அவள் அக்கா. அடுத்த வாரமும் ஆட்டியது. அதற்கடுத்த வாரம் வெறுமனே நின்றது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கரை காலியாக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடாமல், இவ்வளவு காலம் எந்தப் பதவியும் இல்லாமல் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன், அமைதித் தலைவர் ஆனதும் அதுவும் போய்விட்டது என்று கணவரிடம் சொன்னாள். அவர் ராஜினாமா செய்துவிடேன் என்றார். செய்தால் அடுத்த தலைவர் யார் என்று தனக்குத் தெரியும் என்றாள். செயலாளருடைய மீசை அவள் கண்முன் வந்து போனது.

ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது: பேச்சுவார்த்தை. ஆண்டுதோறும் இரு தரப்புக் குழுக்களும், சண்டையில் சம்பந்தப்படாத ஒரு மூன்றாம் நாட்டில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கூடும். இந்த முறை தலைவர் என்ற முறையில் அவள் தொடக்கவுரை ஆற்ற வேண்டும். அவளே உட்கார்ந்து எழுதினாள். வரிசையின்மேல் விழுந்த குண்டைப் பற்றி எழுதினாள், கையில் பையோடு கிடந்தவளைப் பற்றி எழுதினாள், பாலத்தைப் பற்றி எழுதினாள். உரை சொல் பிரிவுக்குப் போனது. குண்டு பழசு ஞாபகம், எடுத்துவிட்டார்கள். இறந்தவர்கள் மனதைப் புண்படுத்துவார்கள், எடுத்துவிட்டார்கள். பாலம் கேட்கவே வேண்டாம். ரொட்டி என்பது மறுதரப்பில் தானியத் தட்டுப்பாடு இருப்பதைக் குத்திக்காட்டும். திரும்பி வந்த உரையில் 'அனைவருக்கும் வணக்கம்' இருந்தது. அதற்குக் கீழே 'நன்றி' இருந்தது. ஆணைய வரலாற்றிலேயே சமநிலையான உரை என்று செயலாளர் பாராட்டினார்.

ஏரிக்கரை ஹோட்டலில் அவள் அந்த உரையை ஆற்றினாள். இரு தரப்பும் எழுந்து நின்று கைதட்டின. பிறகு கூட்டம் நடந்தது. அடுத்த கூட்டத்தில் எதைப் பேசுவது என்பதுதான் இந்தக் கூட்டத்தில் பேசுபொருள். இந்தத் தரப்பு ஒன்று சொன்னது, மறுதரப்பு மறுத்தது. மறுதரப்பு ஒன்று சொன்னது, இந்தத் தரப்பு கண்டித்தது. செயலாளர் மேசையை ஓங்கித் தட்டினார். மறுதரப்புத் தலைவர், கழுத்தே இல்லாத ஒரு பருத்த மனிதர், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். ரொட்டியம்மா மறுபடி போர் வந்துவிடுமோ என்று பயந்தாள். இனி இவர்களோடு பேச ஒன்றுமில்லை என்று இருவரும் ஒரே குரலில் அறிவித்தார்கள்.

அறிவித்துவிட்டு மாப்பிள்ளையை அழைத்து வரப் போனார்கள்.

அவள் முதலில் ஏதோ ஹோட்டல்காரர்கள் வீட்டுக் கல்யாணம் என்றுதான் நினைத்தாள். கூட்டம் நடந்த அதே மண்டபத்தில் மேசைகளை ஓரங்கட்டி மலர்த் தோரணம் கட்டினார்கள். மைக்கில் மணமக்களின் பெற்றோர் பெயரைச் சொன்னபோதுதான் விளங்கியது. பெண் செயலாளரின் மகள். பையன் மறுதரப்புத் தலைவரின் மகன். பேச்சுவார்த்தைக்கு வருடாவருடம் குடும்பத்தோடு வந்து, பிள்ளைகள் நீச்சல் குளத்தில் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்களாம். சற்று முன் மேசையைத் தட்டிய கையும் நாற்காலியைத் தள்ளிய கையும் இப்போது ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு, சம்பந்தி, சம்பந்தி என்று உருகின.

செயலாளர் ரொட்டியம்மாவைத் தேடி வந்து சாப்பிட அழைத்தார். சந்தோஷத்தில் அவருக்கு நாக்கு கட்டவிழ்ந்திருந்தது.

"இது எங்க குடும்ப விஷயம் மட்டும் இல்ல, மேடம். அமைதி முயற்சியோட நேரடிப் பலன்னே சொல்லலாம். பேச்சு சீக்கிரம் முடிஞ்சிருந்தா இந்தப் பிள்ளைங்க சந்திச்சே இருக்காது."

"கல்யாணம் ஆனதும் பொண்ணு அந்தக் கரைக்குப் போயிடுமா?"

"போகாம? நல்ல வீடு கட்டியிருக்கார் சம்பந்தி."

"அப்ப நீங்க பொண்ணைப் பார்க்கணும்னா?"

"பாலத்து வழியாத்தான்." சொல் பிரிவு சுற்றுவட்டாரத்தில் இல்லாததால் அவர் பாலம் என்றே சொல்லிவிட்டார். பிறகு, குழந்தைக்குச் சொல்லுவதுபோல விளக்கினார். இத்தனை வருடத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட விதி ஒன்றே ஒன்று இருக்கிறது. முதல் கூட்டத்தின் முதல் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கையெழுத்தானது: பேச்சுவார்த்தைக் குழுவினரும் ஆலோசகர்களும் எந்நேரமும் தடையின்றிப் பாலத்தைக் கடக்கலாம். ஆலோசகர்களை நியமிக்கும் அதிகாரம் அந்தந்தத் தலைவருக்கு. எத்தனை பேர் என்று வரம்பு கிடையாது. வரம்பு வைத்தால் மச்சினன்மார்கள் வருத்தப்படுவார்கள். மண்டபத்தைக் கையால் சுற்றிக் காட்டினார். அதோ தோரணம் கட்டுகிறவர், மலர் ஆலோசகர். பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டவள் தோற்ற ஆலோசகர். அந்த ஓரத்தில் தூங்கும் பெரியப்பா, மூத்த ஆலோசகர்.

"அப்ப நான் போய் எங்க அக்காவைப் பார்க்கலாமே?"

"ஐயோ, நீங்க தலைவர் மேடம். தலைவர் கடந்தா அது அங்கீகாரம். ஆலோசகர் கடந்தா அது வெறும் போக்குவரத்து."

ரொட்டியம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள். இரு தரப்பும் உடனே பிரிய மனமில்லாமல், கண்டன அறிக்கைகளைக் கூட்டாகத் தயாரிப்பதற்கென்று மேலும் ஒரு வாரம் ஹோட்டலில் தங்கின. அவள் மட்டும் அடுத்த விமானத்தில் ஊர் திரும்பினாள்.

ஆணையத்தின் கிடங்கில் ஆலோசகர்களுக்கான நீல நிற பேட்ஜ் பெட்டி பெட்டியாக இருந்தது; கல்யாணத்துக்காகத் தாராளமாக வரவழைத்திருந்தார்கள். தலைவர் கேட்டதும் கிடங்குக்காரர் காரில் ஏற்றியே விட்டார். மறுநாள் காலை பேக்கரி வரிசையில், ரொட்டி கேட்டு நீண்ட ஒவ்வொரு கையிலும் ரொட்டியோடு ஒரு பேட்ஜும் விழுந்தது. இது என்ன என்று கேட்டவர்களுக்கு, நீ இன்றிலிருந்து ஆலோசகர், பாலத்தைக் கடக்கலாம் என்று ரொட்டியம்மா சொன்னாள். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி சிரிப்பதை நிறுத்தினாள். அவளுடைய மகள் அந்தக் கரையில் இருந்தாள். ரொட்டியை வாங்காமலே பேட்ஜைக் குத்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அப்புறம் சொல்லவேண்டியதில்லை. செருப்புத் தைப்பவர், பள்ளிக்கூட வாத்தியார், சலவைக்கடைக்காரர், பல்லில்லாத இரண்டு கிழவர்கள், தொட்டில் குழந்தை உட்பட ஊரே ஆலோசகர் ஆனது. கணவரும் கையை அலம்பிக்கொண்டு வந்து ஒரு பேட்ஜ் வாங்கிக்கொண்டார். அவருக்கு அந்தக் கரையில் யாரும் இல்லை. கூட்டத்தில் அவளைத் தனியாக விட மனமில்லை, அவ்வளவுதான்.

பாலத்தின் வாயிலில் காவல் கேப்டன் கையைக் குறுக்கே நீட்டினார். இவ்வளவு பேரும் ஆலோசகர்களா என்று கேட்டார்.

"பெரிய பிரச்சினை, கேப்டன். நிறைய ஆலோசனை தேவைப்படுது" என்றாள் ரொட்டியம்மா.

கேப்டனுக்கு வியர்த்தது. போன மாதம் தோற்ற ஆலோசகரை ஐந்து நிமிடம் காக்கவைத்ததற்காக மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். ஆணையத்துக்குத் தொலைபேசினார், செயலாளர் ஏரியில் படகில் இருப்பதாகச் சொன்னார்கள். விதிப்படி பேட்ஜ் இருந்தால் நிறுத்தக் கூடாது. கையை மடக்கிக்கொண்டார். எல்லாரும் போன பிறகு ரொட்டியம்மா தன் தங்க நிறத் தலைவர் பேட்ஜைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, இதைக் காட்டி, நான் ராஜினாமா செய்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள் என்றாள். நீல பேட்ஜைக் குத்திக்கொண்டு பாலத்தில் ஏறினாள்.

இரண்டு தெரு தள்ளி அதே வீடு. கதவு திறந்துதான் இருந்தது. அக்கா உள்ளே போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. இவள் வாசலில் நிற்பதைப் பார்த்தும் மடிப்பதை நிறுத்தவில்லை.

"பெரிய மனுஷி ஆனதும் கை வலிச்சிடுச்சோ?"

"இல்லக்கா. உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்கன்னு சொன்னாங்க..."

"விசாரிச்சா என்னடி? தினம் விசாரிக்கட்டும். எனக்கும் பேச ஆள் வேணாமா?" அக்கா போர்வையை உதறினாள். "நீ செத்துப்போயிட்டன்னு நெனச்சேன். கரையில நின்னு நின்னு, செத்துட்டா, யாரு வந்து சொல்லப்போறான்னு திரும்பி வந்தேன்."

போர்வையின் மறுமுனையை ரொட்டியம்மா எடுத்துப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள். அதற்குமேல் அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். கணவர் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செய்தி ஏரிக்கரைக்கு மாலைக்குள் எட்டிவிட்டது. பத்தொன்பது வருடமாக எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் அரைமணி நேரத்தில் ஒருமனதாக ஒத்துப்போயின. ஆலோசகர் சலுகை ரத்து. சம்பந்திகளின் உறவினருக்கு மட்டும் விலக்கு. மறுதரப்பைச் சேர்ந்தவர் யார் இந்தப் பக்கம் தென்பட்டாலும், எந்த விசாரணையும் இன்றி, அந்தக் கணமே பாலத்துக்கு அப்பால் விரட்டிவிட வேண்டும். இரண்டு கரைக் காவலுக்கும் ஒரே வாசகத்தில் உத்தரவு போனது.

ரொட்டியம்மாவும் கணவரும் கிளம்பினபோது, பாலம்வரை வந்து வழியனுப்ப அக்காவும் கூட வந்தாள். அந்தப் பக்கத்துக் காவலன் ஓடி வந்து, எதிர்க்கரைக்காரர்கள் எல்லாம் வெளியே என்று கத்தினான். அக்காவைப் பார்த்து, நீ எந்தக் கரை என்று அதட்டினான். அக்காவுக்குப் பிறவியிலேயே அதட்டல் ஆகாது.

"எதிர்க்கரைதான். என்னடா செய்வே?"

அவன் உத்தரவில் இருந்ததைச் செய்தான். அவளையும் சேர்த்துப் பாலத்துக்கு அப்பால் விரட்டினான்.

அன்று அக்கா தங்கை வீட்டில் தூங்கினாள். ஊரே விடிய விடிய அதைப் பேசியது. மறுநாள் அக்கா வாயிலுக்குப் போய், தான் அந்தக் கரையைச் சேர்ந்தவள் என்று கேப்டனிடம் புகார்போலச் சொன்னாள். கேப்டன் அந்தக் கணமே அவளை விரட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவள் பின்னாலேயே செருப்புத் தைப்பவர் வந்து நின்று, நானும் அந்தக் கரைதான், எதற்கு இன்னும் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சரிபார்க்க வழியில்லை. இரண்டு கரையிலும் ஒரே முகம், ஒரே பேச்சு. போரில் எரிந்த அடையாள அட்டைகளுக்கு மாற்றாகப் புது அட்டை கொடுக்கவேண்டிய பிரிவு, படத்தில் மக்கள் சிரிக்கலாமா கூடாதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. விசாரணை கூடாது என்று உத்தரவே சொல்கிறது. வார முடிவுக்குள் இரண்டு கரையிலும், தங்களை நாடுகடத்தச் சொல்லி மக்கள் வரிசையில் நின்றார்கள்.

புதிய தலைவரான செயலாளர், தான் பொறுப்பேற்ற பிறகு எல்லைக் கண்டிப்பு வரலாறு காணாத அளவுக்கு உயர்ந்திருப்பதாக அறிவித்தார். இத்தனை ஊடுருவல்காரர்களை எந்த அரசும் வெளியேற்றியதில்லை. அவருக்குப் பதக்கம் கிடைத்தது. அந்தக் கரையில் அவர் சம்பந்திக்கும் அதே காரணத்துக்காக ஒன்று கிடைத்தது.

நாடாளுமன்ற உறுப்பினர் பதவி ரொட்டியம்மாவிடம் இன்னும் இருந்தது. கேள்வி நேரத்தில் அவள் எழுந்ததும், பாலம்தானே என்று அமைச்சர்கள் சோம்பல் முறித்தார்கள். அவள் பாலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எல்லையில் கண்டிப்பு போதாது என்றாள். மறுதரப்பினரை விரட்ட ஒரே ஒரு குறுகிய வாயில்தான் இருக்கிறது; வயதானவர்களை விரட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. வாயிலை அகலப்படுத்த வேண்டும், காலை முதல் மாலைவரை திறந்து வைக்க வேண்டும், நடக்க முடியாத ஊடுருவல்காரர்களை விரட்டச் சக்கர நாற்காலி வாங்க வேண்டும் என்றாள். அவையே எழுந்து நின்று மேசையைத் தட்டியது. பிரதமர் நெகிழ்ந்துபோய், உறுப்பினர் பக்குவப்பட்டுவிட்டார் என்று பாராட்டிப் பேசினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை அடுப்பு ஆறியதும் ரொட்டியம்மா துவைத்த சேலை உடுத்து, ஒரு பையில் ரொட்டியோடு வாயிலுக்கு வருவாள். போன வெள்ளிக்கிழமை, மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி சோதனைக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேப்டன் விறைப்பாக நின்றார்.

"ஏம்மா, உன்னை எத்தனை தடவைதான் வெளியேத்தறது? கூச்சமே இல்லையா?"

"என்ன பண்றது கேப்டன், நீங்க போதுமான அளவு கண்டிப்பா இல்ல. சீக்கிரம் விரட்டுங்க. பொழுது சாயறதுக்குள்ள அவங்க வேற என்னை அங்கேருந்து விரட்டணும், காலையில அடுப்பு பத்தவைக்கணும்."

கேப்டன் அதிகாரியின் காதில் விழும்படி உரக்க அதட்டிக்கொண்டே அவளைப் பாலத்தின் நடுவரை கொண்டுபோய் விட்டுவந்தார். அதுவரை பையை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார்.